தங்கையின் தலை அளவு

எங்கள் தெருவில் பாதிப் பேருடைய தோள் அளவும் கை அளவும் என் நோட்டில் இருக்கின்றன. நாகப்பட்டினத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் மிஷின் மிதிக்கிறேன். ஆனால் என் தங்கை ஷமீராவுக்கு மட்டும் இதுவரை முழுதாக அளவு எடுத்ததில்லை. தோளில் டேப்பை வைத்தால் உயரத்தைப் பார்ப்பதற்குள் ஆள் அடுப்படிக்குப் போயிருப்பாள். "நிக்க வச்சு நட்டுடப் போறியா லாத்தா?" என்று அங்கிருந்து குரல் வரும். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். அவளுடைய பழைய சுடிதாரை மேலே போட்டுத்தான் புதியதை வெட்டுவேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஷமீரா பன்னிரண்டாவது முடித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் லேப் டெக்னீசியன் படிப்பும் படித்தாள். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அந்தக் கோட்டைத் தைத்தது நான். ஓர் இடத்தில் நிற்காத அவள், ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவாள். கிழவர்களின் கைகளில் நரம்பு தேடி, ஒரே குத்தில் எடுப்பாள். இரண்டாவது முறை குத்தினாள் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் கணவர் ஜாஃபர் சாதிக் ஷார்ஜாவில் கட்டட வேலையில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பத்தைந்து நாள் விடுப்பில் வருவார். கல்யாணமான புதிதில் வாங்கிய மோட்டார் பைக், அவர் விமானம் ஏறியதும் தார்ப்பாய்க்குள் போய்விடும். ஷமீரா ஊரிலிருந்த ஒரு லேப்பில் காலையிலிருந்து மாலை வரை மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அது அவளுக்குச் சிறை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வந்தவர் வேலையை விட்டுச் சிங்கப்பூர் போனபோது, நான் போகிறேன் என்று லேப் முதலாளியிடம் சொல்லிவிட்டாள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்டதற்குத் தெரியும் என்றாள். தெரியாது. அந்த வெள்ளிக்கிழமைதான் தார்ப்பாயை விலக்கினாள். எட்டு நாள் புதுக் கடற்கரை மைதானத்தில் நான் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஒன்பதாவது நாள் அவள் வேகத்துக்கு என்னால் ஓட முடியவில்லை. ஜாஃபர் சாதிக்கிடம் அதற்குப் பிறகுதான் சொன்னாள். பழகிவிட்ட பிறகு என்ன சொல்வது என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த வேலை அவளுக்காகவே ஏற்பட்டது போல இருந்தது. சர்க்கரைக்குப் பார்ப்பவர்களிடம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். சாப்பிட்டுச் சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போக வேண்டும். சிக்கல், கீழ்வேளூர், தேவூர் என்று ஒரு சுற்று, மறுபடி அதே வரிசையில் இன்னொரு சுற்று. விடிகாலையில் சுபுஹு தொழுததும் ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் வைத்து ரப்பர் கயிற்றால் கட்டிவிடுவாள். ஐந்தரைக்கே போன் வர ஆரம்பிக்கும். எப்போது வருவாய், காபி குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருவர்; பசியில் கண் இருட்டுகிறது என்று இன்னொருவர். தேவூருக்கு அந்தப் பக்கம் நீலமேகம் என்ற விவசாயி இருந்தார். அவர் மனைவி ரெங்கம்மாள் தட்டை வைத்ததும் இவர் போன் செய்துவிடுவார். "பாப்பா, நாலு இட்லி. மணி எட்டு பத்து. கணக்கு வச்சிக்க." அப்படியென்றால் பத்து பத்துக்கு இவள் அங்கே இருக்க வேண்டும். பத்து பன்னிரண்டு ஆனால் அவருக்குப் படபடப்பு வந்துவிடும்.

ஜாஃபர் சாதிக்கின் ஹெல்மெட் வண்டியோடு வந்தது. கறுப்பு, முழு முகத்தையும் மூடுவது. ஷமீரா அதைப் பக்கக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டுதான் போவாள். கீழ்வேளூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் போலீஸ் நிற்பது தெரிந்தால் தலைக்கு ஏறும், தாண்டியதும் கண்ணாடிக்குத் திரும்பிவிடும். ஏன் போடுவதில்லை என்று கேட்டால் அவளிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. இடுப்பு வரை உள்ள முடியைக் கொண்டை போட்டிருப்பாள், அது இடிக்கும். முக்காட்டில் மூன்று பின் குத்தியிருப்பாள், ஹெல்மெட் அவற்றை மண்டையில் அழுத்தும். கழற்றும்போது முக்காடும் சேர்ந்து வரும், பிறகு ஒவ்வொரு வாசலிலும் நின்று மறுபடி கட்ட வேண்டும். கழற்றாமல் போனால் நாய் குரைக்கும். போன் அடிப்பது காதில் விழாது.

"விடியாத நேரத்துல மூஞ்ச மூடிட்டு ஊசியோட வந்து நின்னா யாரு லாத்தா கதவத் தொறப்பா?" என்பாள்.

சென்ற வருடம் தை மாதத்தில் யாரோ அவள் வண்டி ஓட்டுவதைப் படம் எடுத்து ஷார்ஜாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர் எதற்காக அனுப்பினாரோ, ஜாஃபர் சாதிக் அதில் பார்த்தது கண்ணாடியில் தொங்கிய ஹெல்மெட்டைத்தான். அன்று இரவு என்னைக் கூப்பிட்டார்.

"லாத்தா, வண்டிச் சாவி இனிமே உங்ககிட்ட இருக்கட்டும். தலையில மாட்டுனாத்தான் காலையில குடுக்கணும். ஒரு தடவ கீழ விழுந்தான்னு கேள்விப்பட்டாலும் வண்டிய வித்துடுவேன். அவள்ட்டயும் சொல்லிட்டேன்."

அவர் சொன்னால் செய்கிறவர். வண்டி போனால் ஷமீரா மைக்ராஸ்கோப்புக்குத் திரும்ப வேண்டும். அதை நினைத்தே அவள் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்து, கையை நீட்டுவாள். "வாடன் அம்மா, சாவி." நான் கொடுப்பேன். தெரு முனை திரும்பியதும் அது கண்ணாடிக்குப் போயிருக்கும் என்று எனக்கும் தெரியும். அவள் திரும்பி வருகிற வரை மிஷினில் உட்கார்ந்தால் தையல் கோணும்.

மூன்றாவது நாள் அந்த ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அது இடிக்கிறது, ஆடுகிறது என்றால் அது அளவுப் பிரச்சினை. அளவுப் பிரச்சினைக்கு எனக்கு வழி தெரியும். தையல்காரர்கள் எப்போதும் பெரிதாகத்தான் வெட்டுவோம். பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். சிறிதாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஹெல்மெட் அவளுக்குப் பெரியது, எனவே பிடிக்க வேண்டியதுதான்.

உள்துணியைப் பிளேடால் பிரித்தேன். கன்னத்துப் பக்கம் இரண்டுக்கும் சோபா ஸ்பாஞ்சை வெட்டி வைத்தேன். நெற்றிக்கு, ரவிக்கைக்கு வைக்கும் கப்பைப் பிரித்து மெல்லிய ஸ்பாஞ்ச். மேலே வெல்வெட் லைனிங், விளிம்பு முழுக்கக் கைத் தையல். பின் மண்டையில் கொண்டைக்கு இடம் வேண்டுமே என்று பார்த்தேன். உள்ளே வெள்ளையாகத் தெர்மாகோல் இருந்தது. டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அது போல. ஓடுதான் ஹெல்மெட், இது உள்ளே அடைப்பதற்கு வைத்தது என்று எண்ணிக்கொண்டேன். கத்தரியின் முனையால் சுரண்டிச் சுரண்டி, ஒரு எலுமிச்சம்பழம் உட்காருகிற அளவுக்குக் குழி செய்து, அதற்கும் வெல்வெட் ஒட்டினேன். தாடைப் பட்டியை முக்காட்டு முடிச்சு இடிக்காதபடி இரண்டு விரல் தளர்த்தினேன்.

ஷமீரா போட்டுப் பார்த்தாள். கொண்டை குழியில் போய் உட்கார்ந்தது.

"மாப்பிள்ளை தொப்பி மாதிரி இருக்கு லாத்தா," என்றாள். கழற்றாமலே கண்ணாடி முன்னால் போய்ப் பார்த்தாள். முதல் தடவையாக அதைத் தலையில் போட்டுக்கொண்டே போனாள், போட்டுக்கொண்டே வந்தாள். தெரு முனையில் கடை வைத்திருக்கும் ஜன்னத் பீவியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். தினமும் தலையில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். எனக்கு அந்த ஒன்றரை மாதம் தையல் நேராக ஓடியது.

வேகமாகப் போனால் ஹெல்மெட் காற்றில் தூக்கியது என்பதும், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் நெற்றியில் இறங்கிய அதை இடது கையால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டே ஓட்டினாள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லாத்தா செய்து கொடுத்தது, ஆடுகிறது என்று எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டாளாம்.

பங்குனியில் எங்கள் பக்கத்தில் நெல் அறுத்த வயலில் உளுந்து எடுப்பார்கள். செடியோடு பறித்துக் காயவைத்து, தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் ஏறி ஏறி நெற்று உடைந்து உளுந்து தனியாகிவிடும். அடிக்கிற கூலி மிச்சம். இரு சக்கர வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே ஓரமாகப் போவார்கள். ஷமீராவுக்கு இதெல்லாம் புதிதில்லை. அன்று நீலமேகத்துக்குப் பத்து பத்து. கீழ்வேளூரில் ஒரு வயதான அம்மாவுக்கு நரம்பு கிடைக்காமல் நேரமாகிவிட்டது. தேவூரைத் தாண்டும்போது பத்து பத்துக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. ரோடு முழுக்க உளுந்துச் செடி, ஓரம் விடாமல்.

வேகத்தைக் குறைத்தேன் என்றுதான் சொல்கிறாள். செடிக்கு அடியில் உதிர்ந்து கிடந்த உளுந்தில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டி இடது பக்கம் போக, அவள் வலது பக்கம் போனாள். விழுகிறபோது தனக்கு முன்னால் கறுப்பாக ஒன்று உருண்டு போவதைப் பார்த்தாளாம். யாருடைய தலை என்று ஒரு கணம் நினைத்தாளாம். ஹெல்மெட்டுதான். பட்டி மாட்டியது மாட்டியபடி இருக்க, தலையை விட்டுக் கழன்று, உருண்டு, தண்ணீர் இல்லாத வாய்க்காலில் போய் விழுந்தது. அவள் தலை போய் விழுந்தது ரோட்டோரம் குவித்து வைத்திருந்த உளுந்துச் செடிப் போரில். போருக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி வாய்க்கால் மதகின் சிமென்ட் கட்டை. அந்த ஒரு முழத்தை அவளே கையை விரித்து எனக்குக் காட்டினாள்.

செடி புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் வந்து தூக்கினார்கள். எழுந்ததும் முதலில் ஐஸ் பெட்டியைத் திறந்து குப்பிகளை எண்ணினாள். பதினொன்றும் சரியாக இருந்தன. முழங்கையில் தோல் உரிந்திருந்தது, தாடையில் ரோடு தேய்த்த காயம். முக்காட்டின் பின் ஒன்று காதுக்குப் பின்னால் குத்தி இறங்கி ரத்தம் கழுத்துக்கு வந்திருந்தது. அப்படியே வண்டியை நிமிர்த்தி, நீலமேகம் வீட்டு வாசலில் பத்து பதினாலுக்குப் போய் நின்றாள். அவர் நேரத்தைச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ரெங்கம்மாள்தான் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"ஏ புள்ள, நீ எங்க ஆளுகிட்ட ரத்தம் எடுக்க வந்தியா, குடுக்க வந்தியா?"

மஞ்சள் தூளைக் கொண்டுவரப் போன ரெங்கம்மாளை வேண்டாம் என்று நிறுத்தி, கையைக் கழுவி, உறை மாட்டி, நீலமேகத்துக்கு ஒரே குத்தில் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் திண்ணையில் உட்கார்ந்தாளாம்.

மதியம் வந்து ஹெல்மெட்டை என் மிஷின் மேல் வைத்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் அடுத்ததைச் சொன்னாள்.

"மச்சான்ட்ட சொல்லிடாத லாத்தா. வண்டிய வித்துடுவாரு."

காயத்தைக் கழுவிக் கட்டு போட்டேன். அவள் சாப்பிட்டு, லேப்புக்குக் குப்பிகளைக் கொண்டுபோன பிறகு ஹெல்மெட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் தையல் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. வெல்வெட் பளபளவென்று இருந்தது. பிரித்தேன். பின் மண்டையில் நான் சுரண்டிய குழியில் விரலை விட்டால் ஓட்டின் கடினம் தட்டுப்பட்டது. அதற்கு மேல் ஒரு நகக்கண் அளவு தெர்மாகோல்தான் மிச்சம் இருந்தது. மற்ற இடத்தில் இரண்டு விரல் கனம். எல்லா இடத்திலும் ஒரே கனமாக, வார்த்து ஒட்டியிருக்கிறார்கள். சும்மா அடைப்பதற்கு வைத்ததை இவ்வளவு ஒழுங்காக வைக்க மாட்டார்கள். அடி விழுந்தால் நசுங்கிக்கொடுப்பது அதுதான். அதைத்தான் என் கத்தரியால் எடுத்துவிட்டிருந்தேன்.

அன்று பிற்பகல் இரண்டு ஊசி உடைந்தது. அவள் சாயங்காலம் வந்ததும் குழியைக் காட்டிச் சொன்னேன்.

"எங்கொண்டைக்கு ரூம் கட்டிருக்கியே லாத்தா," என்று சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தன் பின் மண்டையைத் தொட்டுக்கொண்டாள். "ஆடுதுன்னு நானும் உன்ட்ட சொல்லலல்ல," என்றாள்.

எட்டு மணிக்கு ஜாஃபர் சாதிக் வீடியோவில் வந்தார். ஷமீரா முழுக்கைச் சட்டை போட்டு, முக்காட்டைத் தாடை வரை இழுத்துவிட்டிருந்தாள். தினமும் போல என்னிடம் கேட்டார். "லாத்தா, சாவி குடுத்தீங்களா? மாட்டுனாளா?"

மாட்டினாள் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஷமீரா என் பக்கத்தில் நின்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் அவள் நாளைக்கும் போகப் போகிறாள். எதை மாட்டிக்கொண்டு போவாள்? நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உளுந்து, மதகு, உருண்டு போனது, என் கத்தரி. அவள் மேல் தப்பில்லை, அளவு பார்க்காமல் கை வைத்த என் மேல் என்று சொன்னேன்.

அவருக்குப் பின்னால் ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. பிறகு, "இங்க சைட்டுல ஹெல்மெட் ஒரு தடவ கீழ விழுந்தாலே தூக்கிப் போட்டுட்டு வேற குடுப்பான் லாத்தா. நீங்க கத்தரியப் போட்டிருக்கீங்க," என்றார். "நாளைக்கே ஆள அனுப்பறேன், வண்டிய எடுத்துக்கட்டும்."

ஷமீரா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மச்சான், அங்க நாள் முழுக்க மாட்டுறீங்கள்ல? ஊருக்கு வந்து நாப்பத்தஞ்சு நாளும் இந்த வண்டியிலதான சுத்துனீங்க? அப்ப எதுக்கு மாட்டுனீங்க, கண்ணாடிக்குத்தான? எனக்கு அதத்தான பழக்கி வுட்டீங்க."

"அங்க மாட்டலன்னா கேட்ட தொறக்க மாட்டான்."

"அப்ப அது கம்பெனி தல. ஊர்ல இருக்கறது யாரு தல?"

அவள் நிறுத்தவில்லை. விழுந்ததற்காக விற்பதென்றால் விற்றுவிடுங்கள். ஆனால் சரியான ஹெல்மெட்டை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தோமா, நீங்களும் போடவில்லை, நானும் போடவில்லை என்றாள். கடைசியில் அவர் ஒரு வாரம் கொடுத்தார். அதுவரை வண்டியை எடுக்கக் கூடாது. சரியானதை வாங்கிப் போட்டுக் காட்டினால் பார்ப்போம் என்றார்.

அந்த வாரம் போன விதம் சொல்ல முடியாது. ஷமீரா டவுன் பஸ்ஸில் போனாள். வெறும் வயிற்று ரத்தம் எடுக்கப் போய்ச் சேரும்போது பாதிப் பேர் டீ குடித்திருந்தார்கள். இரண்டு மணி நேரக் கணக்கு மூன்றாகியது. லேப் முதலாளி உள்ளேயே உட்கார்ந்து பார், வெளிவேலைக்கு வேறு ஆளைத் தேடுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். நீலமேகம் வேறு யாருக்கும் கையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு ராத்திரி அவள் யாரோ ஒரு பாட்டியிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்தபோது கொண்டையை அவிழ்த்துவிட்டு, புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றினேன். ஐம்பத்தைந்து. கொண்டையைக் கட்டி முக்காடு போட்டுச் சுற்றினால் அறுபத்தொன்று. இத்தனை நாளும் ஆறு சென்டிமீட்டர் துணிக்கும் முடிக்கும்தான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தோம்.

நாகப்பட்டினத்தில் இரண்டு கடையில் கேட்டோம். ஐந்நூற்று எண்பது, அறுநூறு என்று உள்ளே ஒட்டியிருந்தது. தலைச் சுற்றளவை மில்லிமீட்டரில் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குச் சின்னது கேட்டால் ஸ்கூல் பிள்ளைகள் போடுவதைக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு கடையில் ராம்கி என்று ஒருவர் இருந்தார். ஹெல்மெட் என்றதும் என்ன வண்டி, என்ன கலர் என்றார். பிறகு அவராகவே லேடீஸ் மாடல் என்று ரோஸ் கலரில் பட்டாம்பூச்சி போட்ட அரை ஹெல்மெட் ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது தலைக்கா, டிபன் பாக்ஸுக்காங்க?" என்றாள் ஷமீரா.

நான் டேப்பை எடுத்துக் காட்டி, ஐம்பத்தைந்து என்றேன். ராம்கி என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் கலரைப் பற்றிப் பேசவில்லை. ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து அதற்கு அடுத்த அளவான ஐந்நூற்று அறுபதில் இரண்டு எடுத்தார். ஒன்று முழு முகம் மூடுவது, இன்னொன்று முகம் திறந்தது, தாடை வெளியே தெரிவது. கொண்டையோடு இரண்டுமே ஏறவில்லை.

கடைக்குப் பின்பக்கம் டயர் அடுக்கியிருந்த சந்தில் என் துப்பட்டாவை மறைப்பாக விரித்துப் பிடித்தேன். ராம்கி வாசல் பக்கம் போய் எதையோ அடுக்க ஆரம்பித்தார். ஷமீரா பின்களைக் கழற்றி என் கையில் போட்டாள். கொண்டையை அவிழ்த்துக் கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னிச் சட்டைக்குள் விட்டாள். மெல்லிய துப்பட்டாவை மட்டும் ஒரு சுற்று சுற்றி, முழு முகம் மூடுவதை மாட்டினாள். அது இறங்கவே யோசித்தது. உள்ளே போனதும் கன்னம் இரண்டும் மூக்குப் பக்கம் பிதுங்கின.

"அமுக்குது," என்றாள். குரலே வேறாக இருந்தது.

"அமுக்கணும்க்கா," என்றபடி உள்ளே வந்தார் ராம்கி. "பேசறப்ப கன்னம் பல்லுல படுதா? அதான் சைஸு. பத்து நாள்ல கொஞ்சம் இளகும். லூசா வாங்கிட்டுப் போறவங்க ஹெல்மெட் வாங்கல, சட்டி வாங்கிட்டுப் போறாங்க."

ஒரு ரவிக்கை அந்த அளவுக்குப் பிடித்தால் நான் பிரித்துவிடுவேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பட்டியை மாட்டி ஒரு விரல் மட்டும் உள்ளே போகிற அளவுக்கு இழுத்தார். பிறகு என்னிடம், பின்னாலிருந்து பிடித்து முன்பக்கம் தள்ளிக் கழற்றிப் பாருங்கள் என்றார். தள்ளினேன். ஷமீராவே குனிந்தாள், ஹெல்மெட் அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன். "கழுத்து லாத்தா," என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அப்போதுதான் விட்டேன்.

முகம் திறந்ததை அவள் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். காற்று வரும், காது கேட்கும், வாசலில் நிற்பது யார் என்று நோயாளிக்குத் தெரியும். எல்லாம் அவள் கேட்டது போலவே இருந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். தாடையில் ஒரு வாரத்துக் காயம் பொருக்குத் தட்டியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள்.

"ரத்தம் எடுக்கறதுக்கு எப்படியும் கழட்டித்தான ஆகணும்," என்றாள். "வாசல்லயே கழட்டிக்கறேன். மூடுனதே குடுங்க. வெள்ளைல இருக்கா?"

வெள்ளை இருந்தது.

வாசலில் கழற்றினால் முக்காடு சேர்ந்து வரக் கூடாது, பின் இருக்கக் கூடாது. அதற்கு வழி என் கையில் இருந்தது. பனியன் துணியில், முடிச்சும் பின்னும் இல்லாமல் தலையையும் கழுத்தையும் மூடி முகத்தை மட்டும் விடுகிற மாதிரி ஒற்றைத் துணியில் வெட்டினேன். தையல் மண்டையில் அழுத்தாமல் இருக்க, மடிப்பை வெளிப்பக்கம் விட்டேன். முதலில் தைத்தது ஹெல்மெட்டோடு சேர்ந்து மேலே ஏறியது. இரண்டாவதை நெற்றியில் அரை இஞ்ச் குறைத்தேன். மூன்றாவது தலையிலேயே நின்றது. ஹெல்மெட்டின் உள்ளே ஒரு நூல்கூட நான் சேர்க்கவில்லை. பழையதின் பட்டியை அறுத்து, மேல் ஓட்டையும் உடைத்துத்தான் குப்பையில் போட்டேன். முழுதாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

ஏழாவது நாள் இரவு ஜாஃபர் சாதிக் பார்த்தார். தலையை ஆட்டச் சொன்னார், ஆட்டினாள். குனியச் சொன்னார். பின்னாலிருந்து என்னைத் தள்ளச் சொன்னார்.

"கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருக்கு," என்றார். அதுவரை அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "சரி. லாத்தா, சாவிய..."

"லாத்தாட்ட வேண்டாம்," என்றாள் ஷமீரா. "எங்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா மறுபடியும் தெரு முனை வரைக்கும்தான் மாட்டுவேன். உங்களுக்கும் ஒண்ணு வாங்கணும், தலைய அளந்து அனுப்புங்க."

அவர் சரி என்றார். மறுநாள் ஐம்பத்தொன்பது என்று எழுதி அனுப்பியிருந்தார். எதால் அளந்தீர்கள் என்று கேட்டால் சைட்டில் வைத்திருக்கும் இரும்பு டேப்பால் என்றார். நூலால் சுற்றி அளந்து மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை விடிகாலை அவளே சாவியோடு இறங்கினாள். மாட்டினாள், பட்டிக்குள் ஒரு விரல் விட்டுப் பார்த்தாள், கிளம்பினாள். அவள் தெருவைத் தாண்டுவதற்குள் என் போன் அடித்தது. ஓட்டும்போது எடுக்க முடியாது என்று எல்லா நோயாளிகளுக்கும் என் நம்பரைக் கொடுத்துவிட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லக்கூட இல்லை.

"பாப்பா போன எடுக்க மாட்டேங்குதே, வருதா இல்லையா?" என்றார் நீலமேகம். "எங்க வீட்ல இட்லி ஊத்திட்டா."

"வண்டியில வந்துக்கிட்டு இருக்கா. ஓட்டறப்ப எடுக்க மாட்டா. அவ வந்து மொத ரத்தம் எடுக்கற வரைக்கும் இட்லியத் தொடாதீங்க," என்றேன்.

போனை வைத்ததும் அடுத்த அழைப்பு அடித்தது. சிக்கலிலிருந்து.